ஈசுவரசந்திர வித்தியாசாகரரும் கல்விச் செலவும்

மக்களைப் பெற்றோர் அவர்தம் கல்லூரிக் கல்விக்குப் பொருள் உதவுதல் கடமையோ, அன்றி இயன்றபோது செய்யும் உபகாரமோ என்னும் வினா, நம்மவர் நால்வர் கூடுமிடங்களிலெல்லாம் எழுகின்றது. நிலத்தை ஒற்றி வைத்தேனும் பிள்ளையைப் படிப்பித்தல் வேண்டுமென்பர் சிலர். பள்ளிப் படிப்போடு தந்தையின் கடன் தீர்ந்தது, அதற்குமேல் அவனவன் முயற்சியென்பர் வேறு சிலர். கொடுத்த பணத்துக்கு ஈடாகப் பிள்ளை தம் சொற்படி நடத்தல் வேண்டுமென்று கணக்கெழுதி வைப்பாரும் உளர். இவ்வழக்கை வெறும் வாதத்தால் தீர்த்தல் அரிது. ஒரு பெரியாரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு, அவருக்குக் கல்வி எவர் கைப்பொருளால் வந்தது, அக்கடனை அவர் எவ்வாறு திருப்பினார் என்று ஆராயின் தெளிவு பிறக்கும். அதற்கு வங்கநாட்டு ஈசுவரசந்திர வித்தியாசாகரரினும் பொருத்தமானவர் கிடைப்பது அருமை. அவர் ஏழைத் தந்தையின் மகனாகக் கற்றார்; கல்லூரித் தலைவராக அமர்ந்தார்; பிறர் மக்களுக்காகத் தாமே ஒரு கல்லூரி நடத்தினார். ஆதலின் இவ்வினாவின் மூன்று பக்கங்களையும் தம் வாழ்விலேயே கண்டவர் அவர்.

முதலில் அவர் தந்தையார் தாகுர்தாச வந்தியோபாத்தியாயரின் கதையைச் சொல்லுதல் வேண்டும். மகனின் கல்விக்கு விதை அங்கேதான் விழுந்தது. தாகுர்தாசரின் தந்தை ராமஜெய தர்க்கபூஷணர், உடன்பிறந்தாரோடு ஏற்பட்ட மனவேற்றுமையால் இல்லம் துறந்து தலயாத்திரை போய்விட்டார். மனைவி துர்க்காதேவி மக்களுடன் மேதினிபுர ஜில்லாவிலுள்ள பீர்சிங்கம் என்னும் கிராமத்தில் தம் பிறந்தகத்தை அடைந்து, அங்கும் நெடுநாள் ஆதரவு நில்லாமையால், ஒரு குடிலில் ஒதுங்கி, நூல் நூற்று விற்று மக்களைக் காத்தார். தாயின் துன்பத்தைக் காணப் பொறாத தாகுர்தாசர், பதினான்கு பதினைந்து வயதளவிலேயே பிழைப்புத் தேடிக் கல்கத்தா நகரை அடைந்தார். வடமொழி பயின்று பண்டிதராதல் அவர் உள்ளத்து ஆசை. ஆயின் வயிறும் வீட்டின் நிலையும் அதற்கு இடந்தரவில்லை. விரைவில் வேலை கிடைக்கச் சிறிது ஆங்கிலம் அறிதல் நலமென்று எண்ணி, மாலையில் ஒருவரிடம் சென்று கற்று வந்தார். அவர் திரும்பும் வேளையில், தங்கியிருந்த வீட்டில் இராவுணவு முடிந்துவிடும். கற்ற நாளெல்லாம் பட்டினி நாளாகவே கழிந்தது.

ஒரு நாள் பசி தாங்கமாட்டாமல், தம்மிடமிருந்த பித்தளைத் தட்டையும் செம்பையும் விற்கக் கடைத்தெருவுக்குப் போனார். அறியாத பையனிடம் பாத்திரம் வாங்கினால் திருட்டுப் பொருளென்று வம்பு வருமோவென அஞ்சி, வணிகர் ஒருவரும் வாங்கவில்லை. பசியோடு அலைந்தவர் ஒரு பொரிக்கடையின்முன் நின்று தண்ணீர் கேட்டார். கடையிலிருந்த கைம்பெண், பையனின் முகவாட்டத்தைக் கண்டு, பொரியும் தயிரும் தந்து, இனி உணவு கிடையாத நாள்களில் அங்கே வந்து உண்ணும்படி வற்புறுத்திச் சொன்னாள். பிற்காலத்தில் இதனைத் தந்தையார் வாயிலாகக் கேட்டறிந்த வித்தியாசாகரருக்குப் பெண்ணினத்தின்மேல் தோன்றிய மதிப்பு என்றும் குன்றவில்லை. சில காலத்துக்குப்பின் தாகுர்தாசருக்கு மாதம் 2 ரூபாய் சம்பளத்தில் வேலை கிடைத்தது. அதனை அப்படியே தாய்க்கு அனுப்பிவிட்டு, தாம் முன்போலவே குறை வயிற்றோடு வாழ்ந்தார். சம்பளம் சிறிது சிறிதாக உயர்ந்து, பல ஆண்டுகளுக்குப்பின் 10 ரூபாயை எட்டியது.

இத்தகையாருக்கும் பகவதி தேவியாருக்கும் மூத்த மகனாக, 1820-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் பீர்சிங்கத்தில் ஈசுவரசந்திரர் பிறந்தார். ஊர்த் திண்ணைப் பள்ளியில் அவரது அறிவுக் கூர்மையைக் கண்ட ஆசிரியர், இப்பிள்ளையைக் கல்கத்தாவுக்கு அழைத்துச் சென்று படிப்பித்தல் வேண்டுமென்று தந்தையை வற்புறுத்தினார். 1828-ஆம் ஆண்டின் இறுதியில், எட்டு வயதுப் பிள்ளை தந்தையுடனும் ஆசிரியருடனும் கால்நடையாகவே கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. வழியோரத்து மைல்கற்களில் பொறித்திருந்த ஆங்கில இலக்கங்களைத் தந்தையிடம் கேட்டுக் கேட்டு, நகரை நெருங்குமுன் அவ்விலக்கங்கள் அனைத்தையும் பிள்ளை அறிந்துகொண்டதென்பது யாவரும் அறிந்த செய்தி.

நகரையடைந்ததும் முதற்கேள்வி செலவைப்பற்றியே எழுந்தது. பிள்ளையின் திறத்தைக் கண்ட நண்பர்கள், இவனுக்கு ஆங்கிலம் கற்பித்தால் பெரிய உத்தியோகம் கிடைக்கும், இந்து கலாசாலையில் சேர்த்துவிடும் என்றனர். அக்கலாசாலையில் மாதக் கட்டணம் 5 ரூபாய். தந்தையின் வருவாயோ 10 ரூபாய். பாதியை மகனுக்கும் மறுபாதியை ஊரிலுள்ளார்க்கும் பகிரவும் தாகுர்தாசர் மனம் இசைந்தாரென்று அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். முடிவில் அவர் தெரிந்தெடுத்தது சமஸ்கிருதக் கலாசாலையை. அங்கே அந்நாளில் கட்டணமில்லை. தேர்ந்த மாணவர்க்கு உபகாரச் சம்பளமும் உண்டு. தமக்குக் கிட்டாத சாத்திரக் கல்வி மகனுக்குக் கிட்டட்டும், கற்றபின் ஊரில் ஒரு பாடசாலை வைத்து நடத்தட்டும் என்பது தந்தையின் எண்ணம். இங்கே ஒரு நுட்பம் காண்க. தந்தை தம் விருப்பத்தை மகன்மேல் ஏற்றினாரென்று குறை கூறலாம். எனினும் எட்டு வயதுக் குழந்தைக்கு வழி தெரிந்தெடுத்தல் வேறு. இருபது வயதுக் காளையின் வழியைப் பணத்தால் மறித்தல் வேறு. மகன் வளர்ந்தபின் ஊர்ப் பாடசாலையை நாடாது அரசாங்கக் கல்லூரியில் பணி ஏற்றபோது, தாகுர்தாசர் அதனைத் தடுக்கவில்லை.

1829-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஈசுவரசந்திரர் சமஸ்கிருதக் கலாசாலையில் சேர்ந்தார். ஒன்றரை ஆண்டுக்குள் மாதம் 5 ரூபாய் உபகாரச் சம்பளம் பெறலாயினார். தந்தையும் மகனும் பர்ராபஜாரில் ஒரு செல்வர் வீட்டில் தங்கியிருந்தனர். அவ்வீட்டு ராய்மணி என்னும் அம்மையார் பெற்ற தாய்போல் பிள்ளையைப் பேணினார். சிறிது வளர்ந்ததும் சமையலும் பாத்திரம் துலக்குதலும் ஈசுவரசந்திரர் பொறுப்பாயின. பின்னர்ப் படிக்க வந்த தம்பிமார்க்கும் அவரே சமைத்துப் போட்டார். தந்தையார் பரிவுள்ளவராயினும் கண்டிப்பில் மிகக் கடியவர். இரவில் மகன் கண்ணயர்ந்தால் அடித்தெழுப்பவும் தயங்கார். அக்கண்டிப்பை இந்நாளில் நாம் போற்றவேண்டுவதில்லை. போற்றத்தக்கது வேறொன்று. வீட்டு வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்பது அப்பிள்ளைக்கு ஒளிவுமறைவின்றித் தெரிந்திருந்தது. தன் படிப்பு எத்துணைப் பேருடைய வயிற்றை ஒடுக்கி வருகின்றதென்பதை அறிந்தே அவன் படித்தான். தந்தை பொருளால் கொடுத்தார். மகன் உழைப்பால் கொடுத்தான். கலாசாலை உபகாரச் சம்பளத்தால் கொடுத்தது. ராய்மணி அன்பால் கொடுத்தாள். ஒரு பிள்ளையின் கல்வி எத்தனை கைகளால் தாங்கப்படுகின்றது என்பதை இதனால் உணரலாம்.

இலக்கணம், காவியம், அலங்காரம், வேதாந்தம், ஸ்மிருதி, நியாயம் முதலியவற்றைப் பன்னிரண்டு ஆண்டு கற்று, 1839-இல் வித்தியாசாகரர் என்னும் பட்டம் பெற்று, 1841-ஆம் ஆண்டு அவர் கலாசாலையை விட்டு வெளிவந்தார். அவ்வாண்டு டிசம்பரிலேயே வில்லியம் கோட்டைக் கல்லூரியில் 50 ரூபாய் சம்பளத்தில் தலைமைப் பண்டிதரானார். அப்போதும் தந்தை 10 ரூபாய்க்கே உழைத்துக்கொண்டிருந்தார். மகன் முதலில் செய்த காரியம், தந்தையை அவ்வேலையினின்று விடுவித்து ஊருக்கு அனுப்பியது. மாதந்தோறும் 20 ரூபாய் அவருக்கு அனுப்பி, எஞ்சிய 30 ரூபாயில் தம்பிமாரையும் உறவினரையும் கல்கத்தாவில் வைத்துக் காத்துப் படிப்பித்தார். பிற்காலத்தில் தாகுர்தாசர் காசிவாசத்தை விரும்பியபோதும் அதற்கு வேண்டுவன செய்தார். தந்தையார் 1876-இல் காசியிலேயே இறைவனடி சேர்ந்தார்.

இதனைப் படிப்போர், பெற்றோர் கல்விக்கு இறைத்த பணம் இவ்வாறு வட்டியோடு திரும்பும் என்று முடிவு செய்துவிடுதல் கூடாது. தாகுர்தாசர் திரும்பப் பெறும் நோக்கத்தோடு கொடுத்தாரில்லை. கேட்டு வாங்கியதாகவும் வரலாறில்லை. மகனும் தந்தையோடு நின்றுவிடவில்லை. தம்பிமார்க்கும் செய்தார், அயலார்க்கும் செய்தார். கல்விக்கடன் முன்னோக்கியே தீர்க்கப்படுவது. தனக்குக் கொடுத்தவனுக்குக் கொடுப்பதோடு அமையாமல், தனக்குப்பின் வருபவனுக்கும் கொடுத்தால்தான் அது தீரும். திருவள்ளுவரும் மக்கட்பேற்று அதிகாரத்தில் தந்தையின் கடனையும் மகனின் கைம்மாறையும் கூறுமிடத்து, இரண்டிலும் பொருட்கணக்கைச் சேர்த்தாரில்லை என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

1851-ஆம் ஆண்டு வித்தியாசாகரர் தாம் பயின்ற சமஸ்கிருதக் கலாசாலைக்கே தலைவரானார். அதுவரை பிராமணரும் வைத்தியரும் மட்டுமே அங்கே சேர்க்கப்பட்டனர். அவ்வாண்டிலேயே காயஸ்தருக்கும், 1854-இல் மதிப்புடைய பிற இந்து வகுப்பினர்க்கும் அவர் கதவைத் திறந்தார். ஆயினும் 1855-இல் சுவர்ணவணிகர் வகுப்பு மாணவரைச் சேர்க்கும் வினா எழுந்தபோது அவர் இசையவில்லை என்பதையும் மறைத்தலாகாது. பெரியார் திறந்த கதவும் ஒரே நாளில் முழுதும் திறந்துவிடுவதில்லை. எஞ்சியதைத் திறப்பது பின்வந்தோர் கடமை.

அக்கலாசாலையில் மாணவரிடம் கட்டணம் வாங்கும் ஏற்பாடு வித்தியாசாகரர் தலைமையிலேயே உண்டானதென்பது வியப்பைத் தரலாம். தாம் கட்டணமின்றிக் கற்றவர் பிறரிடம் கட்டணம் வாங்குதல் முறையோ என்று கேட்கலாம். இலவசமென்ற காரணத்தால் சேர்ந்து, வராமல் நின்று, மனம்போல் விலகிய மாணவர் பலர் அங்கே இருந்தனர். சிறு கட்டணமேனும் கொடுத்தால், கொடுப்பவர்க்கும் படிப்பவர்க்கும் அக்கறை பிறக்கும் என்பது அவ்வேற்பாட்டின் கருத்து. அதே காலத்தில், 1853-இல், தம் பிறந்த ஊராகிய பீர்சிங்கத்தில் தம் சொந்தச் செலவில் கட்டணமற்ற பள்ளியொன்றை நிறுவினார். தர வல்லவனிடம் சிறிது வாங்குக, தர மாட்டாதவனுக்குச் சும்மா கொடுக்க என்பதே அவர் நடந்துகாட்டிய நெறி. இரண்டும் முரணல்ல; ஒரே நீதியின் இரு கைகள்.

பெண்மக்களின் கல்விச் செலவை ஏற்கப் பெற்றோர் கனவிலும் எண்ணாத காலம் அது. 1857-ஆம் ஆண்டு நவம்பர் முதல் 1858-ஆம் ஆண்டு மே வரையுள்ள சில மாதங்களில், ஹூக்ளி, வர்த்தமானம், மேதினிபுரம், நதியா ஜில்லாக்களில் 35 பெண்பள்ளிகளை அவர் திறந்தார்; ஏறக்குறைய 1,300 சிறுமியர் சேர்ந்தனர். பொருளுதவி தருமென்று நம்பியிருந்த அரசாங்கம் கைவிரித்தது. ஆசிரியர்க்குச் சம்பளம் கொடுக்கும் பாரம் வித்தியாசாகரர் தலைமேல் விழுந்தது. அவ்வாண்டு இறுதியில், மேலதிகாரியோடு நேர்ந்த கருத்து வேற்றுமையால், மாதம் 500 ரூபாய் வந்துகொண்டிருந்த உத்தியோகத்தையும் துறந்தார். பின்னர்த் தாம் எழுதிய நூல்களின் வருவாயையும், போதாதபோது கடனையும் கொண்டு தருமங்களை நடத்தினார். மகனுக்கென்றால் நிலத்தை விற்பேன், மகளுக்கென்றால் நகையோடு சரி என்று இன்றும் எண்ணுவார் எவரேனும் நம்முள் இருப்பின், அந்த 35 பள்ளிகளை அவர்கள் நினைத்தல் வேண்டும்.

இனி, கொடுத்த பொருளைக் கடிவாளமாகக் கொண்ட மற்றொரு தந்தையின் கதையும் வித்தியாசாகரர் வாழ்வோடு பிணைந்துளது. கவி மைக்கேல் மதுசூதன தத்தரின் தந்தை ராஜநாராயண தத்தர் செல்வமிக்க வக்கீல். மகன் 1843-இல் கிறிஸ்து சமயம் புகுந்தபின்னும், பிஷப் கல்லூரியில் அவன் படிப்புக்குச் சில காலம் பணம் கொடுத்து வந்தார். தம் கருத்துக்கு மகன் இணங்காமையால் பின்னர் நிறுத்திவிட்டார். படிப்பு முற்றுப்பெறாத மகன் 1848-இல் நம் சென்னைக்கு வந்து, ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் எட்டாண்டு வறுமையோடு போராடினார். தந்தை உயிரோடிருந்த காலத்தில் இருவரும் மீண்டும் மனம் ஒன்றினாரில்லை. 1862-இல் பாரிஸ்டர் படிப்புக்காக மதுசூதனர் இங்கிலாந்து சென்றார். சொத்தைப் பார்த்துப் பணம் அனுப்புவதாக ஏற்றவர்கள் கைவிட்டுவிட, பிரான்சிலே மனைவி மக்களோடு பட்டினி கிடக்கும் நிலை வந்தது. 1864-இல் அவர் கடிதமெழுதி உதவி கேட்டது வித்தியாசாகரரை. வித்தியாசாகரர் முதலில் 1,500 ரூபாய் அனுப்பினார். மேலும் பலமுறை கடன் வாங்கியும் அனுப்பினார். அவ்வுதவியால் மதுசூதனர் படிப்பை முடித்து 1867-இல் பாரிஸ்டராகத் திரும்பினார்.

இரு தந்தையரையும் ஒப்பிடுக. ராஜநாராயணர் ஒரு மாதத்தில் எளிதாய்ச் செலவிட்டிருக்கக்கூடிய தொகை, தாகுர்தாசருக்குப் பல ஆண்டுச் சம்பளம். ஆயினும் செல்வரின் கொடை இடையில் முறிந்தது. ஏழையின் கொடை முற்றியது. கொடுப்பின் அளவால் விளைந்த வேறுபாடன்று இது. கொடுப்பின் தன்மையால் விளைந்தது. ராஜநாராயணர் மனம் பட்ட புண்ணை நாம் எளிதாக எண்ணவில்லை. எனினும் பாதிவழியில் மகனின் புத்தகத்தைப் பிடுங்கியதால் அவர் மனம் ஆறிற்றா என்றால், அதுவும் இல்லை.

வித்தியாசாகரரின் வாழ்க்கையில் மணிமுடியாக விளங்குவது அவர் வளர்த்த மெட்ரோபாலிட்டன் கலாசாலை. 1859-இல் சிலர் கூடித் தொடங்கிய பள்ளியை அவர் ஏற்று நடத்தினார். அது 1864-இல் அப்பெயர் பெற்று, 1872-இல் கல்லூரி வகுப்பும், 1879-இல் பி. ஏ. வகுப்பும் உடையதாயிற்று. ஐரோப்பியர் இல்லாமல் கல்லூரி நடத்த இந்தியரால் இயலாதென்று பலர் நகைத்த காலத்தில், இந்திய ஆசிரியரைக் கொண்டே அதனை நடத்தி, மாணவரைச் சர்வகலாசாலைத் தேர்வுகளில் வெற்றிபெறச் செய்தார். அரசாங்கத்தின் பிரசிடென்சி கல்லூரிக் கட்டணம் நடுத்தரக் குடும்பத்தார்க்கும் எட்டாததாயிருக்க, இங்கே மாதம் 3 ரூபாய்தான் வாங்கப்பட்டது. அவர் காலத்துக்குப்பின் 1917-இல் வித்தியாசாகரர் கல்லூரி எனப் பெயர் மாறி, இன்றும் கல்கத்தாவில் அது நடைபெறுகின்றது. பெற்றோர் கொடுக்க வேண்டுமா என்னும் வினாவுக்கு அவர் அளித்த விடை இதுவே எனலாம். பெற்றோர் கொடுக்கட்டும், அவர்கள் முறிந்து விழாமல் கொடுக்கத்தக்க அளவில் கல்வியின் விலையை வைப்பது சமூகத்தின் கடமை.

இத்துணைப் பேருடைய பிள்ளைகளுக்குத் தந்தையாக நின்றவர், தம் ஒரே மகன் நாராயணசந்திரரோடு இணக்கமாக வாழ முடியாமற்போனது அவர் வாழ்வின் பெருந்துயரம். 1870-இல் அம்மகன் கைம்பெண்ணொருத்தியை மணந்தபோது, கைம்பெண் மறுமணச் சட்டத்துக்கு 1856-இல் வழிகோலிய தந்தை மனம் மகிழ்ந்தார். பின்னர் மகனின் நடத்தையில் வெறுப்புற்று, 1875-இல் எழுதிய மரண சாசனத்தில் அவரை விலக்கிவிட்டு, ஏழைகள் பலர்க்கு மாத உதவி ஏற்படுத்தினார். பொருள் கொடுத்துக் கல்வியை வாங்கலாம். நல்லுறவை வாங்குதல் இயலாதென்பதற்கு இதனினும் சான்று வேண்டா. 1891-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் வித்தியாசாகரர் மறைந்தார்.

இவ்வாழ்க்கையினின்று நாம் கொள்ளத்தக்கன யாவை? பெற்றோர் தம் சக்திக்கு இயன்றமட்டும் கல்லூரிச் செலவை ஏற்றல் வேண்டும், அது கடமையே. ஆயின் சக்தி என்பது மூத்தவனுக்காக இளையவளின் பங்கையும் சேர்த்து விழுங்குவதன்று. முதுமைக்குரிய கூரையைப் பிரித்து விற்பதுமன்று. வீட்டு நிலையைப் பிள்ளைக்கு மறையாது உரைத்து, தன்னால் இயன்ற பங்கை அவனும் அவளும் உபகாரச் சம்பளத்தாலோ உழைப்பாலோ, வேண்டுமாயின் தாமே தீர்க்க ஏற்கும் அளவான வங்கிக் கடனாலோ தாங்கச் செய்தல் வேண்டும். கொடுப்பதாகச் சொன்னதை நடுவழியில் நிறுத்தலாகாது. கொடுத்ததைச் சொல்லிக்காட்டுதலும் ஆகாது. இன்ன படிப்பே படி, இன்னாரையே மணந்துகொள் என்னும் நிபந்தனைகளைக் கட்டணச் சீட்டோடு முடிச்சிடலாகாது.

எஞ்சிய பங்கு நம் போன்ற சங்கங்களுடையது. தாகுர்தாசருக்குக் கட்டணமற்ற ஒரு கலாசாலையும், 5 ரூபாய் உபகாரச் சம்பளமும், தங்க ஒரு வீடும் கிடையாமற் போயிருந்தால், அவருடைய பட்டினி முழுதும் வீணாகி, வித்தியாசாகரர் ஒருவர் தோன்றாமலே போயிருப்பார். மணப்பந்தலுக்கும் விருந்துக்கும் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை ஒவ்வொரு குடும்பமும் கல்வி நிதிக்கு ஒதுக்கினால், கூலிக்குச் செல்லும் தந்தையின் மகளும் கல்லூரி வாயிலை மிதிப்பாள். அவ்வாறு உதவிபெற்றுப் படித்தோர் முதற்சம்பளம் வாங்கும் நாளில், தம்மைத் தாங்கிய கைகளை எண்ணிப் பார்த்து, தமக்குப்பின் வருவோர்க்குத் தம் கையையும் நீட்டுவாராக.